ராணுவ வீரர் என்று பொய் சொன்னால் அமெரிக்காவில் குற்றமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமான நிலையத்திலோ கடைத்தெருவிலோ சீருடையோடு நிற்கும் ஒருவரை முன்னாள் வீரர் ஒருவர் மடக்கி, "எந்தப் படைப்பிரிவு? எங்கே பயிற்சி? இந்தப் பட்டையை எப்போது கொடுத்தார்கள்?" என்று குடைந்து எடுக்கும் அமெரிக்க வீடியோக்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மாட்டிக்கொண்டவர் உளறுவார், கொஞ்ச நேரத்தில் நழுவிவிடுவார். பார்ப்பவர்களுக்கு எழும் சந்தேகம்: இந்த ஆளை ஏன் போலீஸ் பிடிக்கவில்லை? ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால்தான் இந்தப் பக்கம். இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கச் சட்டம். மற்ற நாடுகளில் கதை வேறு.

"நான் ராணுவத்தில் இருந்தேன்" என்று சும்மா புளுகினால் ஜெயிலா?

இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம், கல்யாண வரவேற்பில், மேடையில் என்று எங்கே அளந்து விட்டாலும், அதை வைத்து எதையும் பறிக்காத வரை மத்தியச் சட்டத்தில் அது குற்றமில்லை. அசிங்கம், அவ்வளவுதான்.

பொய்க்குக்கூடவா பேச்சுரிமை?

2012 வரைக்கும் இதற்குத் தெளிவான பதில் இல்லை. பதில் கிடைக்கக் காரணமாக இருந்தவர் சேவியர் ஆல்வாரெஸ்.

இவர் தெற்கு கலிஃபோர்னியாவில் ஒரு குடிநீர் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர். 2007இல் நடந்த ஒரு கூட்டத்தில் எழுந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். 25 ஆண்டுகள் மரீன் படையில் இருந்தேன், 2001இல் ஓய்வு பெற்றேன், 1987இல் எனக்கு 'மெடல் ஆஃப் ஹானர்' கிடைத்தது, ஒரே ஆள் கையால் பலமுறை காயம் பட்டேன் என்றார். எதுவுமே உண்மையில்லை. அந்தப் பதக்கம் அமெரிக்க ராணுவத்தின் மிக உயர்ந்த விருது. இவரோ படையில் ஒரு நாள்கூட இருந்தவரில்லை. இதற்கு முன்பே டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்கு ஐஸ் ஹாக்கி ஆடினேன், மெக்சிகோ நடிகையைக் கல்யாணம் செய்துகொண்டேன் என்றெல்லாம் அளந்தவர். பழக்க தோஷம்.

அப்போது 'ஸ்டோலன் வேலர்' (திருடிய வீரம்) என்ற 2005ஆம் ஆண்டுச் சட்டம் அமலில் இருந்தது. ஜார்ஜ் புஷ் அதில் கையெழுத்திட்டது 2006 டிசம்பரில். ராணுவப் பதக்கம் பெற்றதாக வாயால் பொய் சொன்னாலே ஆறு மாதம் வரை சிறை. பொய் 'மெடல் ஆஃப் ஹானர்' பற்றியது என்றால் ஓராண்டு. ஆல்வாரெஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஆனால் இந்தச் சட்டமே செல்லாது என்று மேல்முறையீடு செய்யும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. அவருக்கு 5,000 டாலர் அபராதம், மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 416 மணி நேரச் சமூக சேவை விதிக்கப்பட்டது.

2012 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பற்றிய தீர்ப்பும் அன்றைக்கே வந்ததால், இது செய்திகளில் ஓரமாகப் போய்விட்டது.

நீதிபதிகள் சொன்ன காரணம் என்ன?

ஆறு பேரும் ஒரே குரலில் பேசவில்லை. இங்கேதான் பலர் இந்தத் தீர்ப்பைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

நீதிபதி கென்னடியும் அவரோடு சேர்ந்த மூவரும் சொன்னது: பொய் என்ற ஒரே காரணத்துக்காக எந்தப் பேச்சையும் அரசியல் சாசனத்தின் பாதுகாப்பிலிருந்து வெளியே தள்ள முடியாது. தள்ளினால் எந்தப் பொய்க்குத் தண்டனை என்று பட்டியல் போடும் அதிகாரம் அரசுக்குப் போய்விடும். அந்தப் பட்டியலுக்கு முடிவே இருக்காது. பொய்யை வெல்ல உண்மை போதும் என்றும் அவர் சொன்னார். ஆல்வாரெஸ் விஷயத்தில் நடந்ததும் அதுதான். விஷயம் வெளியே வந்ததும் இணையத்தில் கிழித்துத் தொங்கவிட்டார்கள், பத்திரிகைகள் எழுதின, சக வாரிய உறுப்பினரே ராஜினாமா செய் என்றார்.

நீதிபதி பிரேயரும் ககனும் அவ்வளவு தூரம் போகவில்லை. பொய்யைத் தடுக்கும் சட்டமே கூடாது என்றில்லை, இந்தச் சட்டத்தின் வலை ரொம்பப் பெரிது என்பது அவர்கள் வாதம். குடும்பத்துக்குள் விடும் சவடாலும் இதில் சிக்கும், பாரில் விடும் உதாரும் சிக்கும். குறிப்பிட்ட தீங்கு நடந்ததைக் காட்ட வேண்டும் என்று வலையைச் சுருக்கினால் பார்க்கலாம் என்றார்கள். தனிப் பெரும்பான்மை யாருக்கும் இல்லாததால் கீழ் நீதிமன்றங்களில் இந்தக் குறுகிய வாதத்துக்குத்தான் எடை அதிகம். அடுத்து வந்த சட்டமும் இதை அடியொற்றித்தான் எழுதப்பட்டது.

எதிர்த்த மூவரில் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி அலிட்டோ. இந்த மாதிரிப் பொய்யால் யாருக்கும் துளி பயன் இல்லை, உண்மையான வீரர்களின் மரியாதைதான் தேய்கிறது என்றார். பதக்கம் பெற்றவர்களின் பட்டியலை இணையத்தில் போட்டால் போதுமே என்ற யோசனைக்கு, 2001க்குப் பிறகான சில உயர் விருதுகளுக்கு மட்டுமே பட்டியல் தயாரிக்க முடியும் என்று பாதுகாப்புத் துறையே சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டினார். இந்த ஒரு இடத்தில் அவர் வாதம் வலுவானது என்றே எனக்குப் படுகிறது. தீர்ப்பு வந்த சில வாரங்களில் பாதுகாப்புத் துறை அப்படி ஒரு இணையதளத்தைத் திறந்தது. அரைகுறைப் பட்டியல்தான்.

இப்போது இருக்கும் சட்டம் எது?

2013 ஜூன் 3 அன்று ஒபாமா கையெழுத்திட்ட புதிய 'ஸ்டோலன் வேலர்' சட்டம். பழையதற்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், பணம், சொத்து அல்லது கையில் பிடித்துக் காட்டக்கூடிய வேறு ஆதாயம் பெறும் நோக்கம் இருக்க வேண்டும் என்பதுதான். அந்த நோக்கத்தோடு, பட்டியலில் உள்ள விருதைப் பெற்றவனாக நடித்தால் ஓராண்டு வரை சிறை.

பட்டியலும் எல்லாப் பதக்கத்தையும் தழுவியதல்ல. மெடல் ஆஃப் ஹானர், அடுத்த நிலையிலுள்ள சிலுவை விருதுகள், சில்வர் ஸ்டார், பர்ப்பிள் ஹார்ட், நேரடிப் போரில் இருந்ததைக் காட்டும் சில பேட்ஜ்கள் ஆகியவை இருக்கின்றன. பொதுவான சேவைப் பதக்கம் ஒன்றை நெஞ்சில் குத்திக்கொண்டு ஒருவர் ஏமாற்றினால் இந்தச் சட்டம் பாயாது. அங்கே வழக்கமான மோசடிச் சட்டம்தான் வரும், அதில் தண்டனை பெரும்பாலும் இதைவிடக் கடுமை.

ஓசியில் ஒரு பீர், கடையில் ஒரு தள்ளுபடி. இதெல்லாம் 'ஆதாயம்' ஆகுமா?

எங்கே கோடு என்று சட்டம் வரையறுக்கவில்லை. தள்ளுபடி என்பது பணம்தான், மறுக்க முடியாது. பேசப் போன இடத்தில் வாங்கும் சன்மானம், பதக்கத்தைக் காட்டி வாங்கிய வேலை, முன்னாள் வீரர்களுக்கான நன்கொடை எல்லாமே கணக்கில் வரும். கைதட்டல், "உங்கள் சேவைக்கு நன்றி", ஒரு பெண்ணின் கவனம் ஆகியவை வராது. நடுவில் நிற்கும் அந்த ஒரு பீரை, வாசகப்படி பார்த்தால், ஆதாயம் என்று வாதிடலாம். ஆனால் அதற்காக மத்திய அரசு வழக்கறிஞர் ஒருவர் கோப்பைத் திறப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வாயால் பொய் சொல்லாமல் சீருடையை மட்டும் மாட்டிக்கொண்டால்?

இது வேறு கணக்கு. மத்தியக் குற்றவியல் சட்டத்தின் 702ஆம் பிரிவு, அனுமதி இல்லாமல் ராணுவச் சீருடையையோ அதன் தனித்துவமான பகுதியையோ அணிந்தால் ஆறு மாதம் வரை சிறை என்கிறது. பணம், ஆதாயம் என்ற நிபந்தனையே இதில் கிடையாது.

அப்படியென்றால் ஆல்வாரெஸ் தீர்ப்போடு இது இடிக்காதா? இடிக்கிற மாதிரிதான் இருக்கிறது. 2012 நவம்பரில் நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பு சொன்னது. முன்னாள் வீரர்களுக்கு மரியாதை செய்யும் விழாவுக்கு ஒருவர் மரீன் அதிகாரியின் சீருடையில், தனக்குக் கிடைக்காத பதக்கங்களோடு போய் நின்றிருந்தார். ஏமாற்றும் எண்ணத்தோடு அணிவதுதான் குற்றம் என்று சட்டத்தைச் சுருக்கிப் படித்து, அவர் தண்டனையை அந்த நீதிமன்றம் உறுதி செய்தது. 2016இல் மேற்குக் கரையின் ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் வேறு திசையில் போனது. பெறாத பதக்கத்தை அணிவதும் ஒருவகைப் பேச்சுதான், அதைத் தண்டித்த பழைய பிரிவு செல்லாது என்றது. இதற்குள், 2013 சட்டமே பதக்கத்தை 'அணிவது' என்ற சொல்லைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டிருந்தது.

ஆக, இன்றைய நிலையில் பெறாத பதக்கத்தை வெறுமனே குத்திக்கொள்வது மத்தியக் குற்றமில்லை. சீருடைப் பிரிவோ புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. வாயால் சொன்னால் உரிமை, சட்டை சொன்னால் குற்றம் என்பது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. 'ஏமாற்றும் எண்ணம்' என்ற நிபந்தனையைச் சேர்த்துப் படித்தால்தான் இந்தப் பிரிவு மூச்சு விடும்.

நாடகம், சினிமாவில் போடுகிறார்களே?

அதற்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. அந்த விலக்கை ஒட்டி ஒரு அருமையான வழக்கும் உண்டு.

1967 டிசம்பரில், வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தபோது, ஹூஸ்டனில் படைக்கு ஆள் சேர்க்கும் மையத்தின் வாசலில் சிலர் தெருநாடகம் போட்டார்கள். டேனியல் ஷாக்ட் என்பவரும் இன்னொருவரும் ராணுவச் சீருடையில். மூன்றாமவர் வியட்காங் (அமெரிக்கப் படையை எதிர்த்த வியட்நாம் கம்யூனிஸ்ட் கெரில்லா) போல உடை அணிந்திருந்தார். சிவப்புத் திரவம் நிரப்பிய தண்ணீர்த் துப்பாக்கியால் இவர்கள் சுட, அவர் விழுவார். கிட்டே போய்ப் பார்த்து, "ஐயோ, இது கர்ப்பிணிப் பெண்!" என்று கத்துவார்கள். அதையே திரும்பத் திரும்ப நடித்துக் காட்டினார்கள். ஷாக்டுக்கு ஆறு மாதச் சிறை, 250 டாலர் அபராதம்.

அப்போதைய விலக்கு, நடிகர் சீருடை அணியலாம், ஆனால் அந்த நடிப்பு படைக்கு அவப்பெயர் தரக்கூடாது என்றது. அதாவது ராணுவத்தைப் புகழ்ந்து நடித்தால் சுதந்திரம், திட்டி நடித்தால் ஜெயில். 1970 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த வாலை மட்டும் வெட்டி எறிந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிளாக். சீருடைத் தடை பொதுவாகச் செல்லும் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான்.

ஹாலோவீன் வேடம், பழைய போர்களை நடித்துக் காட்டுபவர்கள் எல்லாம் இந்த விலக்கில் நேரடியாகப் பெயர் சொல்லப்படவில்லை. ஆனால் வேடம் என்று பார்த்தவுடன் தெரியும்போது ஏமாற்றும் எண்ணம் எங்கே வரும்? யாரும் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

பழைய ராணுவச் சட்டை, பச்சைப்புள்ளி பேன்ட்?

தாராளமாகப் போடலாம். படைச் சின்னம், பதவிப் பட்டை இருந்தால் பிரித்துவிடுங்கள்.

ஓய்வு பெற்றவர் சீருடை அணியலாமா?

ஓய்வு பெற்ற அதிகாரி தன் பதவிப் பெயரைப் பயன்படுத்தலாம், அந்தப் பதவிக்குரிய சீருடையையும் அணியலாம். நல்ல பெயரோடு பணி முடித்து வெளியே வருபவர் மூன்று மாதத்துக்குள் வீடு போய்ச் சேரும்வரை அணிந்திருக்கலாம். போர்க்காலத்தில் பணியாற்றியவர்களுக்கு விதிகள் அனுமதிக்கும் நிகழ்ச்சிகளில் இடம் உண்டு.

நடிப்பதோடு நிற்காமல் உத்தரவும் போட்டால்?

அப்போது பேச்சுரிமை என்ற குடை மடங்கிவிடும். 912ஆம் பிரிவு: மத்திய அரசின் அதிகாரியாகவோ ஊழியராகவோ நடித்து, அந்த அதிகாரத்தோடு செயல்பட்டாலோ, அந்த வேடத்தில் பணமோ ஆவணமோ மதிப்புள்ள பொருளோ கேட்டாலோ வாங்கினாலோ மூன்றாண்டு வரை சிறை. ராணுவ அதிகாரியும் மத்திய அரசின் அதிகாரிதான்.

ஒருவர் மேஜர் என்று சொல்லிக்கொண்டு விருந்தில் கதை விடுகிறார் என்று வையுங்கள்: ஒன்றுமில்லை. அதே ஆள் கிடங்கு வாசலில் நின்று, "நான் மேஜர், இந்தச் சரக்கை வண்டியில் ஏற்று" என்கிறார்: 912. ஆல்வாரெஸ் தீர்ப்பில் கென்னடியே இந்த வகைச் சட்டங்களைத் தொடவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அரசு இயந்திரத்தின் நம்பகத்தன்மையைக் காக்கும் சட்டங்கள் இவை. பொய்ச்சாட்சி, அரசு அதிகாரியிடம் சொல்லும் பொய் ஆகியவையும் இதே வரிசையில் தண்டனைக்கு உரியவை.

போலி அடையாள அட்டை, போலி அனுமதிச் சீட்டு தயாரித்தால் அதற்குத் தனிப் பிரிவுகள் உண்டு.

படையில் இருப்பவரே கூடுதலாக ஒரு பதக்கம் குத்திக்கொண்டால்?

அவருக்கு ராணுவ நீதிச் சட்டம். அதிகாரியாக ஆள்மாறாட்டம் செய்வது 106ஆம் விதியிலும், தகுதியில்லாத சின்னம், பதக்கம் அணிவது 106ஏ விதியிலும் குற்றம். வெளியாள் தப்பிக்கும் இடத்தில் வீரர் தப்ப முடியாது.

இணையத்தில் ராணுவ வீரர் போல நடித்துப் பணம் பறிக்கிறார்களே, அது?

அது அப்பட்டமான மோசடி. தொலைத்தொடர்பு வழி மோசடிக்கு 20 ஆண்டு வரை சிறை உண்டு. பேச்சுரிமை வாதத்தை யாரும் எடுக்கக்கூட மாட்டார்கள்.

உண்மையான ஒரு வீரரின் படத்தைத் திருடிப் போலிக் கணக்கு திறப்பார்கள். சில வாரம் இனிக்க இனிக்கப் பேச்சு. அப்புறம் கேட்பு ஆரம்பிக்கும்: விடுப்பு எடுக்கப் பணம் கட்ட வேண்டும், முகாமிலிருந்து பேச இணையக் கட்டணம் வேண்டும், காயம் பட்டுவிட்டது, மருத்துவச் செலவுக்கு அனுப்பு. அமெரிக்க ராணுவத்தில் விடுப்புக்குக் கட்டணம் கிடையாது, சிகிச்சைக்கு வீரர் தன் கையிலிருந்து செலவு செய்வதும் கிடையாது. ராணுவக் குற்றப் புலனாய்வுப் பிரிவு பல ஆண்டுகளாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறது. மத்திய வணிக ஆணையத்துக்கு 2022இல் வந்த காதல் மோசடிப் புகார்களில் மட்டும் இழப்பு 130 கோடி டாலர். ஏமாற்றுக்காரர்கள் அதிகம் சொன்ன பொய்களில் 'நான் ராணுவத்தில் தொலைவில் இருக்கிறேன்' என்பதும் ஒன்று.

கிண்டலுக்காக ஒரு போலிப் பக்கம் நடத்தினால்?

நையாண்டிக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் பாதுகாப்பு இருப்பது வேறு, தொல்லை வராமல் இருப்பது வேறு. 2016இல் ஓஹையோவின் பார்மா நகரில் ஒருவர் உள்ளூர் போலீஸின் ஃபேஸ்புக் பக்கம் போலவே ஒன்றைத் தொடங்கிக் கிண்டல் பதிவுகள் போட்டார். கைது செய்யப்பட்டு நான்கு நாள் உள்ளே இருந்தார். நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்றது. திருப்பிப் போலீஸ் மேல் அவர் போட்ட வழக்கோ தோற்றது. 2023இல் உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்க மறுத்துவிட்டது. ராணுவத்தைக் கிண்டலடிப்பவர்களும், நிதானமாகப் படிக்கும் ஒருவருக்கு இது கிண்டல் என்று தெரியும்படி வைப்பது நல்லது.

இன்னொன்று: பேச்சுரிமையைக் காக்கும் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசை மட்டும்தான். சமூக ஊடக நிறுவனம் உங்கள் கணக்கை மூடினாலோ, போலி ராணுவக் கதையைக் கண்டுபிடித்த முதலாளி வேலையை விட்டு அனுப்பினாலோ, பேச்சுரிமை பறிபோனது என்று நீதிமன்றம் போக முடியாது.

ஒருவர் சொல்வது உண்மையா என்று எப்படிச் சரிபார்ப்பது?

செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதலாம். பணிக்காலம், பதவி, விருதுகள் போன்ற அடிப்படைத் தகவல்கள் வெளியாட்களுக்கும் கிடைக்கும். பணியிலிருந்து விலகி 62 ஆண்டுகள் ஆன கோப்புகள் பொதுப் பார்வைக்கே திறந்துவிடும்.

ஆனால் "பதிவில் பெயர் இல்லை, ஆகவே பொய்யன்" என்று பாயாதீர்கள். 1973 ஜூலையில் அந்த மையத்தில் பிடித்த தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் நிஜமாகவே சண்டை போட்ட எத்தனையோ பேருக்கு இன்று அங்கே ஒரு தாள்கூட இல்லை.

நானே ஒருவரை மடக்கிக் கேள்வி கேட்கலாமா?

கேட்கலாம். பொது இடத்தில் படம் எடுக்கவும் செய்யலாம். கையைப் பிடிப்பது, வழி மறித்து நிறுத்துவது, தொப்பியையோ பதக்கத்தையோ பிடுங்குவது என்று இறங்கினால் வழக்கு உங்கள் மேல் வரும். அவர் உண்மையான வீரராக இருந்து, நீங்கள் போலி என்று வீடியோ போட்டிருந்தால் அவதூறு வழக்கும் சேரும். வயதானவர்கள் படைப்பிரிவின் பெயரைத் தடுமாறிச் சொல்வார்கள், பதக்கத்தைத் தப்பான வரிசையில் குத்தியிருப்பார்கள். அது போலிக்கு அத்தாட்சி ஆகாது.

அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவருக்கும் இதே உரிமையா?

அங்கே வசிப்பவர் மீது குற்ற வழக்கு வந்தால் பேச்சுரிமை வாதம் அவருக்கும் உண்டு. தண்டனை கிடைத்தால்தான் வித்தியாசம் தெரியும். மோசடிக் குற்றங்கள் குடிவரவுச் சட்டத்தில் கடுமையாகப் பார்க்கப்படுகின்றன. 10,000 டாலருக்கு மேல் இழப்பு ஏற்படுத்திய மோசடி என்றால் நாடு கடத்தல் வரை போகும். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர் ராணுவத் தள்ளுபடிக்காக ஒரு பொய் அட்டையைக் காட்டும் முன் ரொம்ப யோசிக்க வேண்டும்.

ஆல்வாரெஸ் கடைசியில் தப்பித்துவிட்டாரா?

பதக்க வழக்கில், ஆம். ஆனால் விவாகரத்தான மனைவியை இன்னும் மனைவி என்று காட்டி, வாரியத்தின் மருத்துவக் காப்பீட்டில் சேர்த்த விவகாரத்தில் அவர் மீது தனி வழக்கு நடந்தது. அதில் சிறைத்தண்டனை கிடைத்தது. கூட்டத்தில் சொன்ன பொய்யால் யார் பணமும் போகவில்லை. காப்பீட்டுப் பொய்யால் வாரியத்தின் பணம் போனது.

புகார் எங்கே கொடுப்பது?

பணம் போயிருந்தால் முதலில் வங்கிக்குச் சொல்லி நிறுத்தப் பாருங்கள். பிறகு எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையம், மத்திய வணிக ஆணையம். முன்னாள் வீரர்களுக்கான சலுகையை ஒருவர் பொய் சொல்லி வாங்குகிறார் என்றால் அந்தத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம். ஆதாயத்துக்காகப் பதக்கப் பொய் சொன்னவர் பற்றி எஃப்பிஐயிடம் சொல்லலாம். யாரிடம் போனாலும் அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி, அந்தப் பொய்யால் அவர் என்ன வாங்கினார் என்பதுதான். ரசீது, மின்னஞ்சல், பணம் அனுப்பிய விவரம் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.